பிறைத்தோணியும் சோழிக்கணக்கும்

(ஒருகொடவத்தையில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வருவதற்கு முன் வாசலில் நின்று ஒருமுறை மேலே பார்த்தேன். கொள்கலன் முற்றத்து விளக்குகள் எல்லாம் எரிகின்றன. வானம் முழுக்க மங்கிய செம்மஞ்சள். எண்ணிப் பார்த்தேன், நான்கு வெள்ளிதான் தெரிந்தது. சிறுபிள்ளையாக இந்த ஊருக்கு வந்தபோது இவ்வளவு வெளிச்சம் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் பாய் விரித்துப் படுத்தால் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு வெள்ளியையும் தனித்தனியே எண்ணலாம். இன்றைக்கு முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் தலைமுறையின் கண்முன்தான் அது மறைந்துபோனது.

பழைய வானியல் படப்புத்தகங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியதற்கு முதற்காரணம் அதுதான். மேலே காணாததைத் தாளிலாவது காணலாம் என்று நினைத்தேன். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில், அட்டை கழன்ற நிலையில், சேர் ரொபர்ட் போல் எழுதிய ‘வானங்களின் கதை’ என்ற ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. 1885இல் இலண்டனில் முதலில் வெளிவந்த நூல். எனக்குக் கிடைத்த படிக்குப் பாதிப் படத்தாள்கள் இல்லை. ஆனாலும் மீதிப் படங்களை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மாலை அந்தப் புத்தகத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா வட்டுக்கோட்டைப் பக்கத்தவர். இங்கிலீசு தெரியாது. பிறைநிலாப் படம் ஒன்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பிறை இப்பிடி நிமிர்ந்து நிக்காது. தோணி மாதிரியெல்லே கிடக்கும்.”

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. அச்சிட்ட புத்தகம், அதுவும் அயர்லாந்தின் அரச வானியலாளராக இருந்தவர் எழுதியது, பிழையாக இருக்குமா? அம்மா சொன்னதும் சரி, புத்தகமும் சரி என்று புரியப் பல மாதம் ஆயிற்று. பிறையின் ஒளிவிளிம்பு எப்போதும் மறைந்த சூரியனைப் பார்த்தபடி இருக்கும். இலண்டனில் சூரியனும் நிலாவும் போகும் பாதை அடிவானத்தோடு சரிந்து கிடப்பது. அங்கே சூரியன் சாய்வாக இறங்கும், அதனால் பிறை ஒருக்களித்து நிற்கும். கொழும்பு பூமத்தியரேகையிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்குகிறது. நிலாவுக்கு நேர் கீழே சூரியன் இருப்பதால் கீழ்விளிம்பு ஒளிர்கிறது. தோணி வந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப்பெயரிலேயே ஒரு தோணி இருக்கிறது. சிங்களத்தில் ‘ஒரு’ என்றால் வள்ளம், ‘கொட’ என்றால் கரைமேடு, ‘வத்த’ என்றால் தோட்டம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சேர்த்து வைத்திருக்கும் ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாமே 50 பாகை வடக்கில் நிற்கும் ஒரு மனிதனின் கண்ணுக்காக வரையப்பட்டவை. அவற்றில் துருவநட்சத்திரம் வானத்தின் பாதிக்கு மேல் நிற்கும். இங்கே அது அடிவானத்திலிருந்து ஒரு கைமுட்டி உயரம்கூட வராது. கையை நீட்டி முட்டியை மடக்கினால் 10 பாகை அளவு. எங்களுக்கு அது 7 பாகை. மாடிவீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அந்தப் புத்தகங்களில் தென்சிலுவை பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் கடைசி ஓரத்தில் ஒரு பொட்டாகத்தான் இருக்கும். ஓரியன் என்ற வேட்டைக்காரன் அவற்றில் நிமிர்ந்து நிற்பான், இங்கே கிழக்கில் படுத்தபடி எழும்புவான். ஆகவே இந்தப் புத்தகங்களை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது, இதை வரைந்தவன் எந்த மண்ணில் நின்றான் என்று கேட்டுப் பழகவேண்டும். அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவர் அம்மா.

இனிப் படங்கள் எப்படி உண்டாயின என்று பார்ப்போம். இந்தத் தாளைக் கைமாற்றிப் பாருங்கள், விளிம்பில் மட்டும் பிடியுங்கள். செப்புத்தகட்டில் எங்கே கீறுகிறோமோ அங்கே மை நிற்கும், கீறல் கறுப்பாக வரும். அதனால் பழைய வான்படங்களில் வெள்ளைத்தாளில் கறுப்பு வெள்ளிகள். வானத்துக்கு நேர் எதிர். 1824இல் இலண்டனில் ‘யூரேனியாவின் கண்ணாடி’ என்று 32 அட்டைகள் கொண்ட ஒரு பெட்டி வெளிவந்தது. சிட்னி ஹோல் செதுக்கிய விண்மீன் உருவங்கள், அலெக்சாண்டர் ஜேமிசன் 1822இல் வெளியிட்ட வான்வரைபடங்களைப் பார்த்துச் செய்தவை. அந்த அட்டைகளில் வெள்ளிகள் இருக்கும் இடத்தில் துளை போட்டிருந்தார்கள். பெரிய வெள்ளிக்குப் பெரிய துளை, சிறியதற்குச் சிறியது. விளக்குக்கு முன் பிடித்தால் வெளிச்சம் துளை வழியே வந்து வெள்ளியாகும். ஆக்கியவர் பெயர் அப்போது சொல்லப்படவில்லை, ஒரு பெண்மணி வடிவமைத்தது என்று மட்டும் அறிவித்தார்கள். அவர் ரக்பி பள்ளி ஆசிரியரான பாதிரியார் ரிச்சர்ட் ரவுஸ் புளொக்ஸம் என்று 1994இல்தான் தெரியவந்தது. மூலப்பெட்டி வாங்க எனக்கு வசதி இல்லை. என்னிடம் இருப்பது பின்னாளில் செய்த மறுபதிப்பு. கடைசியில் அதைக் காட்டுகிறேன்.

பிறகு மரச்செதுக்கு வந்தது. மரத்தை நீளவாக்கில் அறுக்காமல் குறுக்கே அறுத்து, அந்த முகத்தை இழைத்துச் செதுக்குவார்கள். இது செப்புக்கு நேர்மாறு. தோண்டாத இடம் மைபிடித்துக் கறுப்பாகும், தோண்டிய இடம் வெள்ளையாக நிற்கும். இரவுவானத்துக்கு இதைவிடப் பொருந்திய கலை வேறு இல்லை. பலகையை அப்படியே விட்டால் இரவு. உளிமுனையால் ஒரு குத்து குத்தினால் ஒரு வெள்ளி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த வானியல் நூல்களில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு தொழிலாளியின் கை ஒருமுறை அசைந்த அடையாளம். இன்னொன்றும் உண்டு. மரக்கட்டையை ஈய எழுத்துகளின் உயரத்துக்கே செய்துகொள்ளலாம், ஒரே அச்சில் எழுத்தும் படமும் சேர்ந்து ஏறும். படத்தைத் தனித்தாளில் அடித்து ஒட்ட வேண்டியதில்லை. அதனால் விலை இறங்கியது. கடைக்காரர், தையற்காரர், பள்ளி ஆசிரியர் என்று சாதாரண மனிதர் வீட்டுக்குள் வானம் போனது. பெரிய படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவே மெல்லிய வெள்ளைக்கோடு தெரியும். சிறு கட்டைகளைத் திருகாணி போட்டு இணைத்த இடம் அது. அந்தக் கோட்டைக் கண்டால் எனக்குச் சந்தோசம்.

பிரான்சில் அமெதே கியெமான் ‘வானம்’ என்ற நூலை 1864இல் வெளியிட்டார். நோர்மன் லொக்கியர் அதன் ஆங்கிலப் பதிப்பைத் திருத்தி 1866இல் கொண்டுவந்தார். ஆனால் இந்தத் துறையில் எல்லோர் நாவிலும் இருக்கும் பெயர் கமீல் ஃபிளமரியோன். அவருடைய ‘மக்கள் வானியல்’ 1880இல் வந்து பெருந்தொகையில் விற்றது. அந்த எழுத்தில் மயங்கிய ஒரு வாசகர் பாரிசுக்கு அருகே ஜுவிசி என்ற இடத்தில் ஒரு மாளிகையையே அவருக்குக் கொடுத்துவிட்டார். அங்கே அவர் வானாய்வுக்கூடம் அமைத்தார். ஒரு மனிதன் பூமியின் விளிம்பில் முழந்தாளிட்டு, வானத்திரைக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரங்களையும் சுடர்களையும் பார்க்கும் படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இடைக்கால ஐரோப்பியர் வரைந்தது என்று பல புத்தகங்களில் போடுகிறார்கள். அது ஃபிளமரியோன் வளிமண்டலம் பற்றி எழுதிய நூலின் 1888ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலில் வருகிறது. பழமை தோன்றும்படி வரையப்பட்ட புதுப்படம். அதை ஐந்நூறு வருடப் பழைய படம் என்று சொல்லி விற்கிறவரிடம் ஏமாறாதீர்கள்.

என் மனதுக்கு மிக நெருங்கிய புத்தகம் இது. நாஸ்மித், காப்பென்டர் இருவரும் சேர்ந்து 1874இல் வெளியிட்ட ‘சந்திரன்’. ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சம்மட்டியால் பெயர்பெற்ற இயந்திரப் பொறியியலாளர். தொலைநோக்கியில் பார்த்ததை அந்தக் காலத்துக் கமராவால் தெளிவாகப் பிடிக்க முடியவில்லை. ஆகவே வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்து, அந்த வரைபடங்களைக் கொண்டு சாந்தில் நிலாமலைகளைச் சிறு உருவாகச் செய்து, வெயிலில் சரித்து வைத்து நிழல்விழ நிழற்படம் எடுத்தார். முதற்பதிப்பின் படங்களில் பல வூட்பரிடைப் என்ற முறையில் அச்சானவை. என்னிடம் இருப்பது 1903ஆம் ஆண்டு மலிவுப்பதிப்பு.

அந்த நூலில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்று முதுமையில் சுருங்கிய மனிதக் கையின் புறம். மற்றது வாடிச் சுருங்கிய ஆப்பிள். உள்ளே சுருங்கினால் தோல் மடிப்பு விழும், நிலாவிலும் அப்படித்தான் சில மலைகள் எழுந்தன என்பது அவர்கள் வாதம். நிலாக்குழிகள் எரிமலைகளால் வந்தவை என்றும் எழுதினார்கள். இன்றைக்கு அந்த வாதங்கள் நிற்கவில்லை. பெரும்பாலான குழிகள் விண்கற்கள் மோதியவை. ஆனாலும் அந்தக் கைப்படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. போகமுடியாத ஓர் உலகத்தை விளக்க, மேசையில் இருந்த பழத்தையும் ஒரு முதிய கையையும் எடுத்த அந்தத் துணிவுதான் மக்கள் அறிவியல். முடிவு பிழையானதால் புத்தகத்தை வீசிவிடலாகாது. அது ஒரு மனிதன் எப்படி யோசித்தான் என்பதன் சாட்சி.

துருவெலோ என்ற ஓவியர் அமெரிக்காவில் 1882இல் வெளியிட்ட 15 வண்ணப்படங்களைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். நிழற்படம் வளர்ந்தபின் பல நூலகங்கள் அவற்றைக் கழித்துவிட்டன, அதனால் இன்று அபூர்வம். நேரம் கருதி அதை விட்டு எங்கள் பக்கம் வருகிறேன். நான் இங்கே வந்ததே அதைக் கதைக்கத்தான்.

எங்கள் பக்கத்து வானியலில் படம் இல்லை. பல காலம் இதை ஒரு குறையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் அறியாமை. எங்களவர் வானத்தைக் காதாலும் விரலாலும் வைத்திருந்தார்கள்.

பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1761இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டனர், அவர் நடுக்கடலில் நின்றார். கப்பல் ஆடும்போது அளவெடுக்க முடியாது. அடுத்த கடப்புக்கு எட்டு வருடம் காத்திருந்தார். 1769இல் புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்து நின்றார், அன்றைக்கு முகில் மூடிவிட்டது. அந்தக் காத்திருப்பில் அவர் புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம் கணக்குப் பயின்றார். 1765ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திரகிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அந்தத் தமிழர் சோழிகளை வைத்துக் கணித்துக் காட்டினார். பிழை 41 விநாடி. அக்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த நிலாஅட்டவணை தோபியஸ் மேயருடையது. அதன் பிழை 68 விநாடி.

எப்போதும் அவ்வளவு நுட்பமாக வந்தது என்று நான் சொல்லமாட்டேன். 1825இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி அதே ஆண்டு மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்ததைக் குறித்து வைத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. ஆனால் அவர் கையில் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. முழு அட்டவணையும் மனப்பாடம். அதைத்தான் வாக்கியம் என்கிறோம். நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, பூமிக்கு அருகில் வரும்போது விரைவு. ஒருமுறை அருகில் வந்து மறுமுறை வர ஏறத்தாழ 27.55 நாள். அப்படி ஒன்பது தரம் சேர்ந்தால் 248 நாள், ஏறக்குறைய முழு எண். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியம். கடபயாதி முறையில் எழுத்துக்கு எண் வைத்துக் கட்டியவை. சொல்லைச் சொன்னால் எண் வரும், சோழியை வைத்தால் கூட்டல் வரும். இதற்குப் படம் எதற்கு? எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் அந்த ஓட்டத்தின் இன்றைய கிளை. பக்கத்துவீட்டில் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் தொங்கும். எந்த வீட்டில் எது என்பதில் இரண்டு கணிதமுறைகளின் சரித்திரமே இருக்கிறது.

ஐரோப்பிய நூல், கணக்குத் தெரியாதவரும் வானத்தைக் கண்ணால் பிடிக்கட்டும் என்று படத்தைக் கொடுத்தது. எங்கள் மரபு, வானத்தை நிமிர்ந்து பார்க்காமலே அது எங்கே நிற்கும் என்று சொல்லும் வல்லமையைக் கொடுத்தது. இரண்டும் அரைகுறை. இரண்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் என் முப்பது வருடச் சேகரிப்பின் ஆசை.

இரண்டும் முட்டிக்கொண்ட இடம் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷன் 1823இல் அங்கே செமினரி தொடங்கியது, டானியல் பூவர் அதன் முதல் அதிபர். வானியல் அங்கே முக்கிய பாடம். பக்கத்து அராலியில் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பம் இருந்தது, அப்போது விசுவநாத சாஸ்திரியார் கணித்து வந்தார். 1829 மார்ச் மாதச் சந்திரகிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் சாஸ்திரியார் கணக்கும் பூவர் கணக்கும் வேறுபட்டன. அந்த இரவு ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். மேல்நாட்டுக் கணக்கே வானத்தோடு ஒத்தது என்று மிஷனரிகள் பதிந்து வைத்தார்கள். அதை அவர்கள் மதப்பிரசாரத்துக்கு ஆயுதமாகப் பிடித்தார்கள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு கணிதப்பிழையை ஒரு சமயத்தின் பிழையாக்கியது நியாயமில்லை. சாஸ்திரியார் சிறந்த புலவரும்கூட.

ஆனால் அதன் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1836இல் செமினரி அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன், எதிர்வாதம் செய்வதோடு நிற்காமல், எதிர்த்தரப்பின் கணிதத்தைத் தானே உட்கார்ந்து படித்தார். 1848இல் யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஒரு நூல் அச்சானது. ஆங்கிலத்தில் ‘கீழைத்தேச வானியலாளர்’ என்று பொருள்படும் பெயர், தமிழில் ‘சோதி சாத்திரம்’. தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விரிவான குறிப்புகளும் கொண்டது. அதுவரை மனப்பாடத்திலும் ஏட்டிலும் இருந்த கணக்கு ஈய எழுத்தில் ஏறியது. அவருடைய நோக்கம் மறுப்பதுதான். ஆனால் மறுக்கவந்தவரின் கையாலேயே அது காப்பாற்றப்பட்டது. ஃபிளமரியோன் ‘மக்கள் வானியல்’ எழுத முப்பத்திரண்டு வருடம் முன்பு, யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு புத்தகம். இந்தப் பெயரை இங்கே எத்தனைபேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? இலண்டன் புத்தகங்களுக்குக் கொடுத்த விலையை நினைத்து வெட்கப்பட்ட நாள், இதைப் பற்றி முதலில் அறிந்த நாள்.

சென்னையிலும் ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், அதை ஊர்மக்கள் விளங்கிக்கொள்ள ஒரு சிறுநூல் எழுதினார். ஒரு பண்டிதரும் நண்பரும் உரையாடுவது போன்ற நடை. ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வந்தது. பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து தொலைநோக்கி அருகே நின்றவர் அவர். நான் சொல்லும் அந்த ஒரே தட்டு அவர் தலைக்குள் இருந்தது.

இந்தப் புத்தகங்களின் படங்களில் சில எங்கள் கரையில் நின்று வரையப்பட்டவை என்பதையும் பிள்ளைகள் அறியவேண்டும். 1871 டிசம்பர் 12 பூரண சூரியகிரகணத்துக்கு நோர்மன் லொக்கியர் குழு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரிந்து வந்தது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கருவிகள் நின்றன. அந்தப் பயணத்தில் ஹென்றி ஹொலிடே என்ற ஓவியரும் வந்தார், சூரியனைச் சுற்றித் தெரிந்த ஒளிவட்டத்தை வரைந்தார். இன்னொருவர் பேர்ஸி மோல்ஸ்வர்த். 1867இல் இந்தக் கொழும்பில் பிறந்தவர், படையில் பொறியியல் அதிகாரி. திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குல ஆடித் தொலைநோக்கி வைத்து, இரவிரவாக வியாழனையும் செவ்வாயையும் பார்த்து வரைந்தார். 1901இல் வியாழனின் தென்பகுதியில் ஒரு பெரிய கலங்கலை முதலில் கண்டவர் அவர். 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர் இருக்கிறது. வியாழனும் செவ்வாயும் இங்கே தலைக்கு நேர்மேலே வரும், காற்றின் நடுக்கம் குறைவு. 50 பாகை வடக்கில் நிற்பவனுக்கு இல்லாத வசதி அது.

பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சேர்க்க விரும்புகிறவர்களுக்குப் பயன்படும். 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் மூழ்கியது உங்களுக்கு மறக்காது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அலுமாரியின் அடித்தட்டு போய்விட்டது. அப்போதுதான் கடதாசியைப் பற்றி உண்மையான பாடம் படித்தேன். 1860, 70களின் மரச்செதுக்குப் புத்தகங்கள் நனைந்து வீங்கின. தாளுக்குத் தாள் வெள்ளைக் கடதாசி வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த மீண்டன. 1923இல் இலண்டனில் வந்த ‘வானங்களின் பேரெழில்’ என்ற பெரிய புத்தகம் மீளவில்லை. நிழற்படம் தெளிவாக வருவதற்காக ஆர்ட் பேப்பரில் வெண்களிமண் பூசியிருப்பார்கள். நனைந்து காய்ந்ததும் அந்தப் பூச்சே பசையாகி, புத்தகம் முழுக்க ஒரே செங்கல்லாயிற்று. இப்படியான தாள் நனைந்தால் காயமுன்பே பிரிக்க வேண்டும், மணிக்கணக்குத்தான் அவகாசம். என்னுடையதை இரண்டு நாள் கழித்துத்தான் தொட முடிந்தது. அதற்குப் பிறகு இடுப்பு உயரத்துக்குக் கீழே நான் எதையும் வைப்பதில்லை. கறையானைவிட இந்த ஊரில் ஈரம்தான் எதிரி. கண்ணாடி அலுமாரியை முழுக்க மூடிவைக்காதீர்கள், காற்று போகட்டும்.

வாங்கும்போது படத்தாள்களை எண்ணுங்கள். முன்பக்கப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வான்வரைபட நூல்களைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகச் சட்டமிட்டு விற்கும் வியாபாரம் உலகெங்கும் நடக்கிறது. எனக்கு இது தாங்கமுடியாத வேதனை. சுவரில் தொங்கும் அந்த ஒரு படத்துக்காக ஒரு முழுப் புத்தகம் இறந்திருக்கிறது. அப்படிக் கிழித்த தாளை நான் எந்த விலைக்கும் வாங்கியதில்லை. நீங்களும் வாங்கவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

விலைமதிப்பான புத்தகம் உங்களிடம் இல்லை என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கேயும் எத்தனை வீடுகளில் பெட்டிக்குள் பழைய பஞ்சாங்கம் கிடக்கும். பாட்டனாரின் பள்ளிப் பூமிசாத்திரம் கிடக்கும். வீடு மாறும்போது பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். 1981 யூன் முதலாம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த ஒரு சமூகம் நாங்கள். மிச்சம் இருப்பது வீடுகளில்தான் இருக்கிறது. 2005 முதல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை ஒளிவருடிச் சேர்த்து வருகிறது. தாளை வைத்திருங்கள், படியெடுக்கக் கொடுங்கள். ஐம்பது வருடத்துப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் உங்கள் அம்மம்மா எழுதிய கிரகணக் குறிப்பும், பிள்ளை பிறந்த நேரமும் எந்தப் பதிப்பாளரும் அச்சிடாத தரவு.

இதோ, இது நான் விற்கவே விரும்பாத புத்தகம். விலை அதிகமானதும் அல்ல. ஆங்கிலத்தில் சிறுவருக்கு எழுதிய 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கால வானியல் நூல், முதற்பக்கம் இல்லாததால் ஆசிரியர் பெயரும் தெரியாது. மருதானையில் வாங்கியது. நடுவே மடித்த வான்வரைபடம். அதில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். ஓரியனின் தோளில் இருக்கும் சிவந்த வெள்ளிக்கு அருகில் ‘திருவாதிரை’. இடபத்தின் கண்ணில் ‘உரோகிணி’. அதற்கு மேலே சிறு கூட்டத்தில் ‘கார்த்திகை’. சிங்கத்தில் ‘மகம்’, கன்னியில் ‘சித்திரை’, விருச்சிகத்தின் இதயத்தில் ‘கேட்டை’. பிஞ்சுக் கையெழுத்து, மகத்தின் மகரத்தை முதலில் பிழையாக எழுதி அழித்திருக்கிறது. படத்தின் வலப்பக்க ஓரத்தில் ஒரு சிறு பிறை வரைந்திருக்கிறது, தோணி போலக் கிடக்கிறது. அந்தப் பிள்ளை யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. இங்கிலீசுப் படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்று, வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லச்சொல்ல எழுதியிருக்கவேண்டும். ஒரே தட்டில் இரண்டையும் வைக்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது, அந்தப் பிள்ளை ஒரு மாலையில் செய்துவிட்டது.

நேரமாகிவிட்டது. அந்தத் துளைபோட்ட அட்டைகளில் இடபத்தின் அட்டையை எடுத்திருக்கிறேன். கார்த்திகைக்கான துளைகள் இதிலே இருக்கின்றன. முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகளே, கிட்ட வாருங்கள். தம்பி, அந்த மேசைவிளக்கை மட்டும் விட்டுவிட்டு மண்டப விளக்குகளை ஒருக்கால் அணைத்துவிடுங்கள்.